ஒரு பாகை குறையக் கடவது

உலகம் சூடாகிக்கொண்டே போகிறது என்ற தகவல் எங்கள் அலுவலகத்துக்கு முறைப்படி வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில். அதற்கு முன்பும் சூடாகத்தான் இருந்தது. ஆனால் கடிதம் எதுவும் வராததால் நாங்கள் அதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

கடிதம் வந்ததும் எடுத்துக்கொண்டோம். மூன்றே வாரத்தில் வாசலில் 'வெப்பத் தணிப்பு இயக்ககம்' என்று புதுப் பலகை ஏறியது. அதுவரை அங்கே இருந்தது எடைகள் மற்றும் அளவைகள் துறை. இயக்குநர் அதே இயக்குநர்தான். நாற்காலியும் அதே நாற்காலிதான். கடைகளில் எடைக்கல் சரிபார்த்துக்கொண்டிருந்த என்னை மட்டும் வெப்பமானி பார்க்கச் சொன்னார்கள். முற்றத்தில் நாலு கால் வைத்த ஒரு வெள்ளைப் பெட்டி, காற்று போய் வர நாலு பக்கமும் சாய்த்து வைத்த மரச் சட்டங்கள், உள்ளே வெப்பமானி. தினமும் மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்து, எண்ணைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் வம்புக்கு வழியே இல்லை என்று நம்பித்தான் நானும் சரி என்றேன்.

காலையில் ஒரு சில்லறை வேலையும் உண்டு. பெட்டியின் தலையில் படிந்திருக்கும் கரியைத் துடைப்பது. மதிலுக்கு அந்தப் பக்கம் மின் நிலையம். அதன் புகைபோக்கி எங்கள் கட்டடத்தைப் போல எட்டு மடங்கு உயரம். விடுமுறை, விடுப்பு, சாப்பாட்டு நேரம் எதுவும் பாராமல் உழைக்கும். எங்கள் வட்டாரத்தில் அப்படி உழைப்பது அது ஒன்றுதான்.

இயக்குநர் முதல் கூட்டத்திலேயே பிரச்சினையைத் தீர்த்துவிட்டார். "வெப்பம் ஏன் கூடுது? மரம் வெட்டறதாலே. மரம் வெட்டறதை நிறுத்தினா?" என்று எங்களைப் பார்த்தார்.

"நின்னுடும் ஐயா," என்றோம் எல்லோரும். கூட்டம் பதினோரு நிமிடத்தில் முடிந்தது. மீதி நேரத்துக்குத் தேநீர் வந்தது.

ஆணை மறுநாளே அச்சானது. அதன் மொழிநடையை நான் இன்றும் வியக்கிறேன். "இவ்வூர் எல்லைக்குள் மரம் எதையும் எவரும் எக்காரணம் கொண்டும் வெட்டலாகாது. இதன் பயனாக, ஓராண்டு முடிவில் வெப்பம் ஒரு பாகை குறையக் கடவது." கடைசியில் நான்காம் பிரிவு என்று ஒன்று இருந்தது. "மரம் வெட்டப்படாவிடில் வெப்பம் குறையும். ஆகவே வெப்பம் குறையாவிடில், மரம் வெட்டப்பட்டுள்ளது எனக் கொள்ளப்படும்." அன்றைக்கு இதை யாரும் படிக்கவில்லை. நானும்தான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மரம் வெட்டக் கூடாது என்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது. நிழலில் நடப்பவன் நான். ஆணையும் ஒழுங்காகவே நடந்தது. ஊரின் மரங்களை எண்ணினார்கள்: பதினோராயிரத்து நானூற்று ஆறு. ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த தகரப் பட்டை. நாலாயிரத்துப் பதினேழாம் எண் மரம் ஒரு காற்றில் தானாகச் சாய்ந்து முக்கியச் சாலையின் குறுக்கே படுத்தபோது, அதை அறுத்து அகற்ற ஆணையில் இடமில்லை என்பதால் வண்டிகள் எல்லாம் பத்து மாதம் ஆறு கிலோமீட்டர் சுற்றிப் போயின. அந்த அளவுக்குக் கண்டிப்பு.

ஊருக்கும் மரத்தின் மேல் காதல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பச்சைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை மரத்தைக் கட்டிப்பிடிப்பது. எங்கள் மாடி வீட்டுத் தம்பதி இதற்காகவே வாராவாரம் காரில் அறுபது கிலோமீட்டர் போய் வந்தார்கள்.

"நம்ம தெருவிலேயே பெரிய மரம் நிக்குதே, அதைப் பிடிச்சா ஆகாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது பின்னாடி மின்கம்பம் தெரியுதுங்க. படம் நல்லா வராது," என்றார் அந்த அம்மாள்.

ஆண்டு முடிந்தது. நான் பதிவேட்டை எடுத்து, முன்னூற்று அறுபத்தைந்து எண்களையும் கூட்டி வகுத்து, சராசரியைக் கண்டுபிடித்து, மறுபடி கூட்டி, மறுபடி வகுத்து, இயக்குநர் அறைக்குப் போனேன். அந்த அறையில் எப்போதும் குளிர் காலம். அவர் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெப்பத்தைப் பற்றிய கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி இது?"

"இந்த வருஷத்துச் சராசரிங்க ஐயா."

"அரை டிகிரி கூடியிருக்கே."

"ஆமாங்கய்யா."

"ஒரு டிகிரி குறையணுமே."

"ஆமாங்கய்யா. ஆனா கூடியிருக்கு."

"அப்ப ஆணையை வெப்பம் மீறிடுச்சுன்னு சொல்றீங்க?"

அப்படி ஒரு கோணத்தில் நான் யோசித்ததில்லை. அவர் மணியடித்துப் புள்ளியம்மாவை அழைத்தார். புள்ளிவிவரப் பிரிவில் இருப்பது அவர் ஒருவர்தான். அதனால் அந்தப் பெயர். எதையும் மெதுவாக, சரியாகச் சொல்கிறவர். அதனால்தான் அவரைக் கூட்டங்களுக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

"மரம் வெட்டறதை நிறுத்தினது ரொம்ப நல்ல காரியம் ஐயா," என்று ஆரம்பித்தார் புள்ளியம்மா. "ஆனா அது மட்டும் போதாது. உலகத்தைச் சூடாக்குற புகையைப் பத்துப் பங்காப் பிரிச்சா, காட்டை அழிக்கறதாலே வர்றது ஏறக்குறைய ஒரு பங்கு, கொஞ்சம் கூட இருக்கலாம். மீதியிலே பெரும்பங்கு நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிக்கறதாலே வருது. நாம ஒரு ஓட்டையை அடைச்சிருக்கோம். வாளி இன்னும் ஒழுகுது."

இயக்குநர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். "அந்த மீதியைப் பார்க்க வேற துறை இருக்குமே?"

"இல்லைங்க ஐயா."

"துறையே இல்லையா?"

"இல்லை."

"அப்புறம் என்னம்மா? அது பிரச்சினையா இருந்திருந்தா அதுக்கு ஒரு துறை இருந்திருக்கும்ல?"

புள்ளியம்மா ஜன்னலைக் காட்டினார். கண்ணாடிக்கு வெளியே புகைபோக்கி தன் பாட்டுக்குப் புகைத்துக்கொண்டிருந்தது. "அதோ பாருங்கய்யா."

இயக்குநர் பார்த்தார். நிதானமாகவே பார்த்தார். "அது மரமா?"

"இல்லை."

"அதை யாராவது வெட்டினாங்களா?"

"இல்லைங்க."

"அப்ப அது எந்தத் தப்பும் பண்ணலை. நீங்க போகலாம்."

அதன்பின் அவர் ஆணையை எடுத்து, நான்காம் பிரிவை விரல் வைத்துப் படித்தார். முகம் தெளிந்தது. வெப்பம் குறையவில்லை. ஆகவே யாரோ மரம் வெட்டுகிறார்கள். இனி அவர்களைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

முதலில் மரங்களை மறுபடி எண்ண ஆள் அனுப்பினார். ஒன்பது நாள் கழித்து அறிக்கை வந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"எத்தனை குறையுது?" என்று கேட்டார் இயக்குநர்.

எண்ணப் போனவர் அறிக்கையைப் பிரித்தார். "குறையலைங்க ஐயா. பதினோராயிரத்து நானூத்தி ஒன்பது இருக்கு. மூணு கூடியிருக்கு."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். "பார்த்தீங்களா? வெட்டினது தெரியக் கூடாதுன்னு நட்டும் வெச்சிருக்கான். கைதேர்ந்தவன்."

ஊரில் ரம்பம் வைத்திருப்பவர்களின் பட்டியல் தயாரானது. தச்சர்கள் மூன்று பேர். ஒருவர் அலுமினியக் கதவுக்கு மாறிவிட்டிருந்தார். இன்னொருவர் போன வருடமே காலமாகிவிட்டார். சந்தேகம் தானாகக் குறுகி மூன்றாமவர் மேல் வந்து நின்றது. அந்த மூன்றாமவர் என் அக்காவின் கணவர்.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள். காதில் பென்சில், கண்ணில் மரத்தூள். புது மரத்தைத் தொட்டே ஆறு வருடமாகிறது. உடைந்த நாற்காலி, இறங்கிப்போன கதவு, ஆடும் கட்டில் என்று பழசைச் சரிசெய்து கொடுப்பதுதான் அவர் தொழில். அவரைப் போல ஊரில் நாலு பேர் இருந்திருந்தால் மரக்கடைக்காரர்கள் பட்டினி கிடந்திருப்பார்கள். அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். எதையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். கல்யாணப் பதிவேட்டில்கூடப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அதற்கு அக்கா இன்றுவரை அவரைக் குத்திக்காட்டுகிறாள்.

அவர் பட்டறைக்கு விசாரணைக் குழு ஒன்பது கார்களில் போனது. நானும் பதிவேட்டோடு ஒன்பதாவது காரில் போனேன். பட்டறை, எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தால் ஏழு நிமிடம். திரும்பும்போது கார்களுக்குள் குளிர்ச்சி குறைந்துவிடக் கூடாது என்பதால் ஒன்பது வண்டிகளின் இன்ஜினையும் அணைக்காமல் வாசலில் நிறுத்தினார்கள். ஒன்றரை மணி நேரம் அவை உறுமிக்கொண்டே நின்றன. அத்தான் இருமிக்கொண்டே வெளியே வந்து எங்களை உள்ளே அழைத்துப் போனார்.

"இது என்ன?" என்றார் இயக்குநர், சுவரைக் காட்டி.

"ரம்பம் ஐயா."

"எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"அறுக்கறதுக்கு."

"எழுதிக்குங்க, ஒப்புக்கொண்டார்."

"நாற்காலிக் கால் ஐயா. ஒரு கால் நீளமா இருந்தா அறுத்துச் சமம் பண்ணுவேன்."

"அந்தக் கால் எங்கேயிருந்து வந்தது?"

"அது, ஆதியிலே மரத்துலேர்ந்துதான் வந்திருக்கும்."

"எழுதிக்குங்க, மரத்துடன் முன் தொடர்பு உண்டு."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

பட்டறைக்குப் பூட்டுப் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். ஆனால் எங்கள் இயக்குநர் அநியாயக்காரர் அல்ல. எதற்கும் ஒரு முறை வேண்டும் என்பவர். முப்பது நாள் பார்ப்போம் என்று அங்கேயே அறிவித்தார். பட்டறை பூட்டியிருக்கும் இந்த முப்பது நாளில் வெப்பம் குறைந்தால், அதுவரை வெட்டியது இவர்தான் என்பது நிரூபணமாகும். பட்டறை நிரந்தரமாகப் பறிமுதல், மேற்கொண்டு நடவடிக்கை. குறையாவிட்டால் இவர் நிரபராதி, பூட்டைத் திறந்துவிடலாம்.

மறுநாள் காலை, நான் பெட்டியின் மேல் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா நேராக முற்றத்துக்கே வந்துவிட்டாள். காவலாளி தடுத்துப் பார்த்திருக்கிறார். என் அக்காவைத் தடுக்க அவரால் ஆகுமா?

"ஏண்டா, நீ எழுதின நம்பராலேதானே என் புருஷன் கடைக்குப் பூட்டு விழுந்தது? கொஞ்சம் குறைச்சு எழுதித் தொலைச்சா உன் கை என்ன வளைஞ்சா போயிடும்?"

"அக்கா, மெதுவாப் பேசு. இப்பக் குறைச்சு எழுதினா அத்தான்தான் வெட்டினார்னு ஆயிடும்."

"அப்ப கூட்டி எழுது."

"பொய் எழுத முடியாதுக்கா. இருக்கறதைத்தான் எழுதுவேன்."

"சரி, நிஜமாவே கூடினா?"

"கூடினா அத்தான் தப்பிச்சார்."

அக்கா வானத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு மேகம் இருந்தது. அதை அவள் முறைத்த முறைப்பில் நானே இரண்டடி பின்னால் போனேன்.

அன்று முதல் என் அக்கா மூன்று மணிக்கு மதிலோரம் வந்து நிற்பாள். தலையில் முந்தானை, கையில் விசிறி. நான் பெட்டியை மூடிவிட்டுத் திரும்பியதும், "எத்தனைடா?" என்பாள். "நாற்பது புள்ளி எட்டு" என்றால் முகம் வாடிவிடும். "நாற்பத்தொண்ணு புள்ளி மூணு" என்றால், "அப்பாடா!" என்று வழிகிற வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாகப் போவாள். வெயில் ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே குடும்பம் அந்த மாதம் எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும்.

இயக்குநருக்கு இது நேர்மாறு. வெப்பம் குறைந்தாக வேண்டும். குறைந்தால்தான் ஆணை சரி, நான்காம் பிரிவு சரி, அவரும் சரி. பத்தாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் நம்பரைத் திருத்தச் சொல்லமாட்டேன். அது முறைகேடு. பெட்டியைக் கொஞ்சம் குளிர வைக்கலாம். அது நிர்வாகம்."

பெட்டிக்கு எதிரே ஒரு ஏசி பொருத்தினார்கள். ஏசி என்றால் குளிர்ந்த காற்று ஒரு பக்கம், சூடான காற்று இன்னொரு பக்கம் என்று இரண்டும் வரும். சூட்டுப் பக்கத்தை அலுவலகத்தைப் பார்த்து வைக்க முடியாது. தெருப் பக்கம் வைத்தால் ஜனங்கள் புகார் கொடுப்பார்கள். ஆகவே ஆழ்ந்த ஆலோசனைக்குப் பின் அதையும் பெட்டியின் முதுகைப் பார்த்தே வைத்தார்கள். மின்சாரம் போதவில்லை. ஒரு டீசல் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து பெட்டியை ஒட்டி நிறுத்தினார்கள். அதன் புகைக்குழாய் பெட்டியின் காதுக்குள் ஊதியது. வெப்பமானி ஒன்றரை டிகிரி எகிறியது.

"ஒரு ஏசி பத்தலை," என்றார் இயக்குநர்.

இரண்டாவது வந்தது. அதற்கு இரண்டாவது ஜெனரேட்டர் வந்தது. மூன்றாவது ஏசி வந்த அன்று முற்றத்தில் நிற்க முடியாமல் காவலாளி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். புள்ளியம்மா தன் ஜன்னலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை என்னிடம், "இந்த முற்றத்தைச் சுருட்டிப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினா நான் வேற பாடம் நடத்தவே வேண்டாம்," என்றார். மேலே போய்ச் சொல்லுங்களேன் என்றேன். "போன தடவை சொன்னேனே, பார்த்தீங்கல்ல," என்று உள்ளே போய்விட்டார்.

மதிலோரம் அக்கா, "நாற்பத்திமூணா! நிஜமாவா!" என்று துள்ளினாள்.

முப்பது நாள் முடிந்தது. சராசரி ஒரு பாகையும் இரண்டு புள்ளியும் கூடியிருந்தது. அத்தான் நிரபராதி. எனக்கு நெஞ்சிலிருந்து பாறையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அக்கா வீட்டுக்குப் போய் நானே செய்தியைச் சொன்னேன். அத்தான் காதிலிருந்து பென்சிலை எடுத்து, உற்றுப் பார்த்து, மறுபடி செருகிக்கொண்டார். "நாளைக்குத் திறந்துடுவாங்களா மச்சான்? ஒரு கட்டில் பாதியிலே நிக்குது. அந்த வீட்டுக்காரங்க தரையிலே படுத்திருக்காங்க," என்றார். நாளைக்கே என்று நான் அடித்துச் சொன்னேன்.

அரசாங்க வேலையில் இருக்கிறவன் அப்படி அடித்துச் சொல்லக் கூடாது. ஏனென்றால் அன்று மாலையே இயக்குநர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டிருந்தார். வெப்பம் கூடியிருக்கிறது. ஆகவே மரம் வெட்டப்படுகிறது. தச்சர் வெட்டவில்லை. அப்படியானால் யார்? யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே எல்லோரையும் கேட்டுவிட வேண்டியதுதான்.

படிவம் அச்சானது. ஊரில் பதினெட்டு வயது தாண்டிய ஒவ்வொருவரும் நகர மண்டபத்துக்கு நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டவருக்குப் பச்சை நிறத்தில் ஒரு சான்றிதழ். "மேற்படி தச்சர் இப்படிவத்தை ஒப்படைத்தவுடன் அன்னாரது பட்டறைப் பூட்டு திறக்கப்படும்" என்று தனிக் குறிப்பும் போட்டார்கள். ஒரு கையெழுத்து. அத்தானுக்கும் பாதியில் நிற்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான்.

குறித்த நாளில் ஊரே திரண்டது. மண்டபத்தைச் சுற்றி நாலு தெருவுக்கு வண்டி நிறுத்த இடமில்லை. இடம் தேடி வண்டிகள் சுற்றிச் சுற்றி வந்தன. சான்றிதழோடு படம் எடுக்கத் தோதாக எல்லோரும் பச்சைச் சட்டையில் வந்திருந்தார்கள். மாடி வீட்டுத் தம்பதிக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. "எங்களுக்குச் சுத்தமாப் பங்கே இல்லைங்க!" என்று அந்த அம்மாள் சான்றிதழை உயர்த்திக் காட்டிவிட்டுக் காரில் ஏறினார். வரிசையில் எனக்கு முன்னால் அத்தான். எனக்குப் பின்னால் புள்ளியம்மா. அக்கா எப்போதோ கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு, வாசலில் பூட்டுச் சாவி ஊழியரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள், அவர் எங்கேயும் நழுவிவிடாமல்.

அத்தான் முறை வந்தது. படிவத்தை வாங்கினார். படித்தார். எல்லோரும் கையெழுத்து இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டுப் போகிற படிவம் அது. அவர் பெருவிரலை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"நான் எந்த மரத்தையும் வெட்டவில்லை, ஆகவே புவி வெப்பமாதலில் எனக்குப் பங்கில்லை." அதுதான் முழுப் படிவமும்.

"இதுலே முதல் பாதி சரிங்க," என்றார் அத்தான் மேசையில் இருந்த அதிகாரியிடம். "ரெண்டாவது பாதிக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"ரெண்டுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்துதாங்க. போடுங்க."

"அதில்லைங்க. நான் மரம் வெட்டலை. ஆனா டீசல் வண்டியிலேதான் கட்டில் ஏத்திட்டுப் போறேன். பட்டறையிலே நாலு மிஷின் கரண்டுலே ஓடுது. வீட்டுலே போன வருஷம் ஏசி வாங்கினோம். அந்தப் புகைபோக்கி புகையறது எனக்காகவும்தானே? அதை எங்கே எழுதறது?"

"அதுக்கெல்லாம் கட்டம் கிடையாது."

"கட்டம் இல்லேன்னா?"

"கட்டம் இல்லேன்னா அது கிடையாது."

வரிசை முனக ஆரம்பித்தது. நான் அத்தானின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். "அத்தான், போட்டுட்டு வாங்க. வெறும் காகிதம். பூட்டுச் சாவி வெளியே நிக்குது."

அவர் திரும்பினார். கோபமே இல்லை அந்த முகத்தில். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "மச்சான், தினம் அளக்கிறவன் நீ. நீயே சொல்லேன். நமக்குப் பங்கு உண்டா, இல்லையா?"

எனக்குப் பின்னால் புள்ளியம்மா மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. மேசை அதிகாரி என்னைப் பார்த்தார். வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. ஒரு வருடமும் முப்பது நாளும் நான் பொய் எழுதியதில்லை. பெட்டியில் இருந்ததைத்தான் எழுதினேன். அந்த வீறாப்பு எனக்கு உண்டு.

"வரிசை ரொம்ப நீளமா இருக்கு அத்தான்," என்றேன்.

அவர் தலையாட்டினார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். இரண்டாவது பாதியை நேர்கோடாக அடித்தார், பலகையில் அளவு கோடு போடுகிற மாதிரி. கீழே எழுதினார்: "வெப்பத்தில் எனக்கும் பங்கு உண்டு." கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

மேசை அதிகாரி அதைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். ஐந்து நிமிடத்தில் இயக்குநர் வந்தார். படிவத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு வருடமாகத் தேடியவர் அல்லவா?

ஊரில் முப்பத்தோராயிரத்துச் சொச்சம் பேர் பங்கில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரே ஒருவர் உண்டு என்று எழுதிக் கொடுத்தார். இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்? அன்று மாலையே அறிவிப்பு வந்தது: "இவ்வூரின் வெப்பத்துக்குக் காரணமானவர் தாமாகவே முன்வந்து ஒப்புக்கொண்டார்." தெருவில் எல்லோரும், "எனக்கு அப்பவே தெரியும். ரம்பம் வெச்சிருக்கிற ஆளு," என்று பேசிக்கொண்டார்கள். சந்தேகம் தீர்ந்த நிம்மதி ஊர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

தண்டனை கடுமையானது அல்ல. ஊரிலுள்ள பதினோராயிரத்து நானூற்று ஒன்பது மரங்களிடமும் அத்தான் தனித்தனியே நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாளொன்றுக்கு நாற்பது மரம். முடியும்வரை பட்டறை பூட்டியே இருக்கும். அத்தனை மரத்துக்கும் அவர் நடந்து போக முடியாது என்பதால் இயக்ககமே ஒரு டீசல் வேன் கொடுத்தது. மன்னிப்பை எழுதிக்கொள்ள ஒருவரும், அதை மேற்பார்வையிட இன்னொருவரும் பின்னால் வேறு வண்டியில் போவார்கள்.

வெப்பம் அளப்பதை நிறுத்திவிட்டோம். குற்றவாளி கிடைத்த பிறகு அளப்பது அவரைக் குத்திக்காட்டுவது போலாகும் என்று இயக்குநர் பெருந்தன்மையாகச் சொன்னார். என்னைப் பழையபடி எடைக்கல் பார்க்கப் போட்டுவிட்டார்கள். புள்ளியம்மாவை நடையில் பார்த்தேன். அவர் கையிலும் பச்சைச் சான்றிதழ் இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "எனக்கு இன்னும் ஏழு வருஷ சர்வீஸ் இருக்குங்க," என்றார்.

முதல் நாள் மன்னிப்பை முடித்துவிட்டு அத்தான் போன் பண்ணினார். திட்டுவார் என்று பயந்தேன். "நாற்பதும் ஆச்சு மச்சான். மரங்க ஒண்ணும் சொல்லலை. வேனைத்தான் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னேன், புகை நேரா இலைமேலே அடிக்குது. அதுக்கு உத்தரவு இல்லையாம்," என்று சிரித்தார். பிறகு அந்தக் கட்டில்காரர்களுக்கு வேறு யாரையாவது பார்த்துச் சொல்லச் சொன்னார்.

அக்கா போனைப் பிடுங்கினாள். "நீ என்னடா எழுதினே?"

"இல்லைன்னுதான்."

"நானும்தான். இந்த மனுஷனுக்கு மட்டும் ஏன்டா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் வீட்டு ஏசி ஓடுகிற சத்தம் போனில் கேட்டது. என் வீட்டுச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

போனை வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். முகமெல்லாம் சூடாகிவிட்டது. ரிமோட்டை எடுத்து ஏசியை இரண்டு டிகிரி குறைத்து வைத்துக்கொண்டேன்.